ஐம்பதாம் ஆண்டுத் தபால்தலையில் பொன்னழகு

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் போய் கிறிஸ்துராஜ் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. கண்ணு தொறக்குற ஆர்ட்டிஸ்ட் என்று கேட்டால் ரிக்சாக்காரரே கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். கோயில் சிலைக்குக் கண் திறக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் கண் திறந்துவிட்டதெல்லாம் செத்துப்போனவர்களுக்கு.

தொண்ணூறுகளில்கூட இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாமலே வாழ்ந்து முடித்தவர்கள் ஏராளம். உயிரோடு இருக்கிற வரைக்கும் யாருக்கும் அந்த நினைப்பே வராது. மூச்சு நின்ற பிறகுதான் வீட்டில் உள்ளவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். உடனே யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு பழனி ரோட்டில் இருந்த கிதர் முகம்மதுவின் ஸ்டூடியோவுக்கு ஓடி வருவார்கள். பாய் கேமராவோடு போய், பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, பின்னால் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்து வருவார். மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு, மூடின கண். அதைக் கழுவிப் பிரிண்ட் போட்டு கிறிஸ்துராஜின் மேசையில் வைத்துவிட்டால் பாயின் வேலை முடிந்தது. கிறிஸ்துராஜ் பஞ்சை அழிப்பார், கட்டை அழிப்பார், ஒட்டிப்போன கன்னத்தில் கொஞ்சம் சதை வைப்பார், கடைசியில் கண்ணைத் திறப்பார். ஸ்டூடியோக்காரர்கள் அதற்கு டச்சிங் என்று பேர் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர்கள் படத்தை வாங்கிப் பார்த்து, உயிரோட இருக்காப்புலயே இருக்கு என்று அழுதுகொண்டே போவார்கள்.

நல்ல வேலைதான், புண்ணியமான வேலைதான். ஆனால் அவருக்கு இதில் இரண்டு குறை இருந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தரும் அவர் முன்னால் வரைவதற்கு உட்காரமாட்டார்கள். அந்த ஆளு வரைஞ்சா அடுத்தது சங்குதான் என்று ஊரே கேலி பேசியது. கேலி பேசினவர்கள் உள்ளூர பயந்தார்கள். இன்னொன்று, அவர் வரைந்தார் என்பது தெரிந்துவிட்டால் அது கெட்ட வேலை. தெரியாமல் இருந்தால்தான் நல்ல வேலை. இருபது வருஷம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவர் கைவேலை மாலை போட்டுக்கொண்டு தொங்கியது. ஒன்றின் மூலையில்கூட அவர் பேர் கிடையாது. கல்லா மனசு? குமைந்துகொண்டேதான் இருந்தார் மனிதர்.

கண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று நீங்கள் கேட்கவேண்டும். மூடின கண்ணுக்குள் என்ன இருந்தது என்று படத்தில் தெரியாதே. ஆரம்பத்தில் வீட்டுக்காரர்களிடம் விசாரித்துத்தான் வரைந்தார். மூத்த மகன் அப்பாவுக்கு உருண்டைக் கண் என்பான், இளையவன் இடுங்கின கண் என்பான், கட்டின பெண்டாட்டி இருவரையும் பார்த்து முழிப்பாள். கூடவே இருந்தவர்களின் கண் எப்படி இருந்தது என்று ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. ஒருநாள் இந்தச் சண்டையில் சலித்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, எதிரே அவர் மனைவி அமலராணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அகலமான கண்கள். இடது இமை மட்டும் ஒரு பொட்டுக் கீழே தணிந்து, எதிராளி சொல்வதை இன்னும் கொஞ்சம் கேட்போமே என்பதுபோல ஒரு பார்வை. அதை எடுத்து அந்தப் பெரியவருக்கு வைத்தார். படத்தைப் பார்த்ததும் மூத்தவன், இளையவன், பெண்டாட்டி மூன்று பேரும் ஒரே குரலாக, அப்படியே அவருதான் என்றார்கள். அன்றைக்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. கை தானாக அந்தக் கண்ணுக்கே போய்விட்டது. ஒரு வீட்டிலிருந்தும் புகார் வரவில்லை. அமலராணிக்கும் தெரியாது.

தொண்ணூற்று ஐந்தில் ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து முத்துப்பேச்சி வந்தாள். வந்தாள் என்று சொல்வது தப்பு, அவளை அவள் புருசன் கண்ணுசாமி தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தான். கால் காணி நிலத்தில் மல்லிகை போட்டிருந்தார்கள். ஒரே மகள் பொன்னழகு. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லில் அங்கேயே தங்கி வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குச் சேர்த்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று அனுப்பி வைத்த பிள்ளை, நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் முற்றி, மில் வண்டியில் பிணமாக வந்து இறங்கியது. நாலு ஆள் வந்து இறக்கிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். மில் அடையாள அட்டையில் ஒட்டின படம் ஒன்று இருந்திருக்கிறது. அதைக் கேட்டதற்கு, கணக்கு முடிந்ததும் அதெல்லாம் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

பாய் வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருந்த படத்தில் கிறிஸ்துராஜ் அந்தப் பிள்ளைக்குக் கண் திறந்து கொடுத்தார். நன்றாகவே வந்தது. முத்துப்பேச்சி படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோ பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு பூ மார்க்கெட்டுக்கு வருகிற நாளெல்லாம் மேட்டுப்பட்டிக்கும் ஒரு நடை வந்து, அமலராணி கையில் ஒரு பந்து பூவைத் திணித்துவிட்டுப் போவாள். பொன்னழகு இன்று என்ன சொன்னாள் என்று சொல்வாள். ஆமாம், படத்தோடு பேசுவாள். காலையில் உலை வைத்ததும் பேசுவாள், பூ பறிக்கப் போகும்போது சொல்லிக்கொண்டு போவாள். நாம் சொல்றத அம்புட்டையும் காது குடுத்துக் கேட்குறா மதினி, அந்தப் பார்வையே அப்படித்தானே என்று அமலராணியிடமே சொல்வாள். அமலராணியும் ஆமாம் தாயி என்பார். என்ன கொடுமை பாருங்கள், இருவரும் நேருக்கு நேர் நின்றுதான் இதைப் பேசிக்கொண்டார்கள்.

தொண்ணூற்று ஏழில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஐம்பது வருஷம். தெருவுக்குத் தெரு கொடித்தோரணம். பாத்திமா டீச்சர் என்று ஒரு டிராயிங் டீச்சர், தபால்தலை சேர்க்கிறவர், கிறிஸ்துராஜுக்கு மாதா கோயில் பழக்கம். பொன்விழாத் தபால்தலைக்கு மாவட்டந்தோறும் படம் கேட்கிறார்கள், முதலாவதாக வருவது டெல்லிக்குப் போகும், அங்கேயும் தேறினால் அச்சாகும் என்று சொன்னார். தபால்தலையில் பேர் போடுவார்களா என்றுதான் கிறிஸ்துராஜ் முதலில் கேட்டார். தபால்தலையிலேயே போடமாட்டார்கள், ஆனால் வெளியீட்டு அன்றைக்குத் தருகிற விவரத்தாளில், படம் வரைந்தவர் இன்னார் என்று இங்கிலீஷிலும் இந்தியிலும் இருக்கும் என்றார் டீச்சர். மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சர் சொல்லிக்கொடுத்தது இன்னும் இரண்டு. தபால்தலைக்கு ஆறு மடங்கு பெரிதாக வரைய வேண்டும். சுருக்கும்போது மற்றதெல்லாம் மங்கிவிடும், கண் மட்டும்தான் நிற்கும், அதனால் கண்ணைத் திருத்தமாகப் போடுங்கள். அது ஒன்று. உயிரோடு இருக்கிறவர்களைப் பொதுவாகத் தபால்தலையில் போடுவதில்லை என்பது இன்னொன்று. இதைக் கேட்டதும் கிறிஸ்துராஜுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அடடா, இது நமக்கென்றே வைத்த வேலையல்லவா! எந்த உயிருள்ள ஆளையும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. பெட்டி நிறையப் பழைய டச்சிங் படங்களின் முகம் இருக்கிறது. டீச்சர் சொன்னது பெரிய தலைவர்களைப் பற்றி என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. செத்தவர்களைத்தான் போடவேண்டும் என்று சட்டமே இருப்பதாக எடுத்துக்கொண்டார்.

மூவர்ணப் பட்டைகளின் மேல் மூன்று முகம் வைத்தார். காவிப் பட்டையில் ஒரு வாத்தியார். பச்சையில் தொப்பம்பட்டிக்காரர் ஒருவர், தலைப்பாகை கட்டின வயசான சம்சாரி, காடு கழனி பார்த்தவர். நடுவில் வெள்ளைப் பட்டையில், தோளில் நூல்கண்டு ஏந்தின மில் பெண். அது பொன்னழகு. ஒரு வீட்டையும் போய்க் கேட்கவில்லை. கேட்டால்தான் என்ன, பெருமைப்படத்தானே போகிறார்கள் என்று இருந்துவிட்டார். கிதர் முகம்மது மட்டும் ஒரு நாள் மேசைக்கு வந்து பார்த்துவிட்டு, எல்லாம் நம்ம மவுத்து ஆளுகளாவுல இருக்கு, செத்தவங்கள வச்சா இது சரிப்பட்டு வருமா என்று முணங்கினார். தபால்தலையே அப்படித்தான் பாய் என்று கிறிஸ்துராஜ் அவர் வாயை அடைத்துவிட்டார்.

மாவட்டத்தில் அவர் படம்தான் முதலாவது. தந்தி வந்ததுபோல ஓடி வந்து டீச்சர் சொன்னதும், மனிதர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ரெட்டியார்சத்திரத்துக்கு ஆள் விட்டார். உங்க மகளை இந்தியாவே பார்க்கப் போகுது, பரிசளிப்புக்கு ரெண்டு பேரும் கட்டாயம் வரணும் என்று. வராமல் இருந்திருக்கலாம் அவர்கள். பஸ் தவறியிருக்கலாம். அதெல்லாம் நடக்கவில்லை.

ஒரு பள்ளிக்கூட ஹாலில் விழா. சுவரெல்லாம் தபால்தலைகளை ஒட்டிய பலகைகள். மேடைக்குப் பக்கத்தில் கிறிஸ்துராஜின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நிறுத்தியிருந்தார்கள். முத்துப்பேச்சி நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அமலராணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். தபால் இலாகாவிலிருந்து வந்த அதிகாரி மைக்கைப் பிடித்தார். நாங்கள் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், வாத்தியார் வேறு, விவசாயி வேறு, தொழிலாளி வேறு, ஆனால் ஓவியர் மூன்று பேருக்கும் ஒரே கண்ணை வைத்திருக்கிறார், ஒரே தேசத்தின் ஒரே பார்வை, என்ன கற்பனை, என்ன கற்பனை என்றார். கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

கிறிஸ்துராஜ் மேடையில் நின்றபடியே திரும்பி மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நம்புங்கள், எல்லா முகத்துக்கும் ஒரே கண் போயிருக்கிறது என்பது அவருக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. இருபது வருஷமாக ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகத்தான் பார்த்திருக்கிறார். தனித்தனி வீட்டில் தனித்தனிச் சுவரில் தொங்கியவர்கள். மூன்று பேரை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது இதுதான் முதல் தடவை. கேடயத்தை வாங்கினார், யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். கீழே இறங்கினதும் முத்துப்பேச்சியை எப்படியாவது வெளியே கூட்டிப்போய்விட வேண்டும் என்று பார்த்தார். மொதல்ல சாப்பிட்டுட்டு வரலாம் தாயி, படம் எங்க ஓடிரப் போகுது என்றார். செத்த இருங்கண்ணே, எம் பிள்ளையப் பார்த்துட்டு வாரேன் என்று அவள் படத்துக்குப் பக்கத்தில் போய்விட்டாள். மைக்கில் சொன்னது அவளுக்குப் பிடிபடவில்லை.

முதலில் மகள் கன்னத்தைத் தொட்டாள். சிரித்தாள், அழுதாள், கண்ணுசாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்புறம் சும்மா இல்லாமல் பக்கத்தில் இருந்த தலைப்பாகைப் பெரியவரைப் பார்த்தாள். திரும்ப மகளைப் பார்த்தாள். வாத்தியாரைப் பார்த்தாள். கை கன்னத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"அண்ணே, இந்தப் பெரியவருக்கு எம் மக கண்ணு எப்படி வந்துச்சு?"

ஒரு பொய் போதும் அந்த இடத்தில். இந்தப் படத்துக்காக மூணு பேருக்கும் உன் மக கண்ணத்தான் வச்சேன் தாயி என்று சொல்லியிருந்தால் அவள் பூரித்துப்போய் வீட்டுக்குப் போயிருப்பாள். அது அவர் நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் பாவி மகள் அமலராணி, என்னாச்சு முத்துப்பேச்சி என்று அவள் தோளைத் தொட்டுக் குனிந்து பார்த்தார். இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில். முத்துப்பேச்சி அவரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது மதினி கண்ணாச்சே" என்றாள்.

கத்தவில்லை, கதறவில்லை. அமலராணிதான் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினார். அன்றைக்கு வீட்டில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த ஊரில் எத்தனை பிணத்துக்கு என் கண்ணு இருக்கு? அதற்குப் பிறகு அமலராணி துக்க வீட்டுக்கோ விருந்துக்கோ போனால் சுவரைப் பார்க்கமாட்டார். புருசன் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதையும் விட்டுவிட்டார்.

படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கிறிஸ்துராஜ் பாத்திமா டீச்சரிடம் போய் நின்றார். அது டெல்லிக்குப் போய்விட்டது, பைத்தியமா உங்களுக்கு என்றார் டீச்சர். போட்டிக்கு அனுப்பிவிட்டுத் தோற்க வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினவர் இந்தத் தேசத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மாதா கைவிடவில்லை. டெல்லியில் யாரும் அதைச் சீந்தவில்லை. அச்சான தபால்தலைகள் வேறு யாரோ வரைந்தவை. கேடயம் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அவர் ஏழெட்டு வருஷம் இருந்தார். பஸ்ஸுக்குப் பேர் எழுதினார், கடைப் பலகை எழுதினார், கண் தெரியாமல் போனதும் அதையும் விட்டுவிட்டு, இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். எழுத்துத்தான் எழுதினார். முகம் வரையவில்லை. கடைசியாக ஒரு முகத்தில் பிரஷ் வைத்தது தொண்ணூற்று ஏழு கார்த்திகையில்.

அந்தக் கார்த்திகையில்தான் முத்துப்பேச்சி தன் வீட்டில் மாட்டியிருந்த மகள் படத்தைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். கண்ணுசாமி கூட வந்தான். திட்டுவாள் என்று கிறிஸ்துராஜ் எழுந்து நின்றார். திட்டியிருந்தால் தேவலை. அவள் படத்தை மேசையில் வைத்து, எம் மக கண்ண இதுல வச்சுக் குடுங்கண்ணே என்று நிதானமாகச் சொன்னாள்.

அவர் பென்சிலை எடுத்து, எப்படி இருக்கும் சொல்லு தாயி என்றார். அவள் வாயைத் திறந்தாள். பிறகு முந்தானையால் படத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். பெருசா, சிறுசா, மேல் இமை எப்படி என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நெனைக்கிறேண்ணே. நெனைச்சா இந்தக் கண்ணுதான் வருது. ரெண்டு வருசமா இதுகிட்டயே பேசிட்டேன்ல. அவளோடது அழிஞ்சு போச்சு."

அவர் கண்ணுசாமியைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வயசுக்கு வந்ததிலிருந்து அது நிமிர்ந்து என்னைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, தட்டைப் பார்த்துத்தான் சோறு வைக்கும் என்றான். கிறிஸ்துராஜ் அன்றைக்கு அவர்களை அனுப்பிவிட்டு, மறுநாளே வேடசந்தூருக்கு பஸ் ஏறி, மில் வாசலில் நாயாய்க் காத்துக் கிடந்தார். பொன்னழகோடு வேலை பார்த்த ஒரு பிள்ளையைப் பிடித்துக் கேட்டார். அந்தப் பிள்ளை வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, பஞ்சுத்தூசில எங்க எல்லாத்துக்கும் கண்ணு செவந்துதான் இருக்கும், அவளுக்குக் கொஞ்சம் கூட என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. அங்கே கிடைத்தது அவ்வளவுதான்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது அதை மறைக்காமல் சொன்னார். முத்துப்பேச்சி கேட்டுக்கொண்டாள். லீவுக்கு வந்தப்பவும் செவந்துதான் இருந்துச்சு, தூக்கம் பத்தலைன்னு சொன்னா, நான் நம்பிட்டேன் என்றாள். கிறிஸ்துராஜ் மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டார். அவரால் வேறென்ன செய்ய முடியும்? தெரியாத கண்ணை இன்னொரு முறை இட்டுக்கட்ட அவர் தயாராக இல்லை. அவளும் விடவில்லை. இத இப்படியே வீட்டுல வச்சுக்கிற முடியாதுண்ணே, யாரோ வந்து உக்காந்து பார்க்குறாப்புல இருக்கு என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"மூடிருங்க."

கிறிஸ்துராஜுக்குப் புரிந்தது. சட்டத்தைக் கழற்றினார். இமைக்கு நிறம் குழைத்தார். அமலராணியின் கண்ணை முதலில் இடதும் பிறகு வலதுமாக மறைத்து, பாய் எடுத்து வந்த அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு இமை எப்படி மூடியிருந்ததோ அப்படியே வரைந்தார். அந்த முகத்தில் அவர் போட்டதில் உண்மையாக இருந்த கோடு அது ஒன்றுதான். முத்துப்பேச்சி திரும்பி வாசலைப் பார்த்து நின்றிருந்தாள். காய்ந்ததும் கண்ணாடியை மாட்டி, கண்ணுசாமியின் கையில் கொடுத்தார்.

அவன் அதைக் கையில் ஏந்திப் பார்த்தான். வீட்டுக்கு மில் வண்டி வந்த அன்றைக்கு அழாத மனிதன், அதற்குப் பின்னாலும் பெண்டாட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்ட மனிதன், ஸ்டூடியோ தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இப்பத்தான் எம் மக செத்துப்போனா" என்றான்.